கருத்தரங்குக்குப் போகும் நெல்லை வியாபாரிக்கு: வரிக் கணக்கும் வியாபாரக் கணக்கும்

போன மாதம் சேரன்மகாதேவிப் பக்கம் பம்புசெட் கடை வைத்திருக்கும் ஒருவர் என் மேசையில் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். கோவையில் இரண்டு நாள் நடந்த பம்பு விற்பனையாளர் கருத்தரங்குக்குப் போய்வந்த பில்கள். லாட்ஜ் பில், சாப்பாட்டு பில், ஆட்டோக்காரர் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு என்று எல்லாம் இருந்தன. கூடவே ஊட்டிப் படகுச் சீட்டு நான்கும், அரைக் கிலோ வர்க்கி வாங்கிய பில்லும்.

“அண்ணாச்சி, எல்லாத்தையும் செலவுல போட்ருங்க. கான்பரன்ஸுக்குப் போனதுதான?”

கருத்தரங்குக்குக் கட்டிய பணத்தின் ரசீது எங்கே என்று கேட்டேன். “அது போன்ல வந்துச்சு, எங்கயாவது கிடக்கும்” என்றார். வர்க்கிக்கு ஆதாரம் இருக்கிறது, கருத்தரங்குக்கு இல்லை!

வண்ணார்பேட்டையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் எனக்கு இந்த மாதிரிப் பைகள் பழகிவிட்டன. இதில் கிடைக்கவேண்டிய பலன் பெரும்பாலும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. திரும்பி வந்து பையைக் கவிழ்க்கும்போது நான் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதனால் கிளம்பும் முன்பிருந்தே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: நீங்கள் எந்த வகை என்று பாருங்கள்

தொழிலுக்காக மட்டுமே செய்த செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, சொத்து வாங்கிய மூலதனச் செலவாகவும் இருக்கக் கூடாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு சொன்னது இதுதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஆடிட்டர் அலுவலகங்களில் இன்னும் பழைய எண்கள்தான் வாயில் வருகின்றன, நானும் அவற்றையே சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கழிவு எல்லோருக்கும் கிடைக்காது.

கணக்குப் புத்தகம் எழுதி, உண்மையான லாபத்துக்கு வரி கட்டுகிறவருக்குக் கிடைக்கும். பாளையங்கோட்டை ஆடிட்டரோ, பேட்டையில் பட்டறை வைத்திருப்பவரோ, கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் அரிசி ஆலையோ, யாராக இருந்தாலும் சரி. “நான் புது வரி முறையில இருக்கேன், கழிவு எதுவும் கிடையாதாமே?” என்று பலர் கேட்கிறார்கள். புது முறையில் போய்விட்டது எல்ஐசி, பிஎஃப் போன்ற சேமிப்புக் கழிவுகள். தொழில் செலவு தொழில் செலவாகவே இருக்கிறது.

44ஏடி என்ற பிரிவில் விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் என்று அனுமான லாபம் காட்டுகிறவருக்குத் தனியாக எந்தச் செலவும் கிடையாது. அந்த 8, 6-க்குள்ளேயே எல்லாச் செலவும் அடங்கிவிட்டது என்பது கணக்கு. 44ஏடிஏ-யில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் டாக்டர், வக்கீல், இன்ஜினியருக்கும் இதே கதைதான். மீதிப் பாதியில் கருத்தரங்குச் செலவும் சேர்ந்தாயிற்று. ரசீதைத் தேடி அலையவேண்டாம், ஆனால் இதனால் வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது.

சம்பளக்காரருக்கு இன்னும் சுருக்கம். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள், தெருவுக்கு ஒரு கல்லூரி ஆசிரியர் இருக்கிறார். கருத்தரங்கில் கட்டுரை படிக்கச் சொந்தக் காசில் போய்வந்தால் அது சம்பளத்தில் கழியாது. புது முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு, அத்தோடு சரி. கல்லூரியோ கம்பெனியோ அலுவல் பயணமாக அனுப்பி, பில்லுக்குப் பணம் கொடுத்தால் அது உங்கள் வருமானத்தில் சேராது. ஆகவே சம்பளக்காரர் செய்யவேண்டிய வரித் திட்டமெல்லாம் முன்கூட்டியே மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதுதான்.

இன்னும் தொழில் தொடங்கவில்லை, தொடங்கலாமா என்று பார்க்கப் போகிறேன் என்கிறவருக்கும் இந்தக் கழிவு நேரடியாகக் கிடைக்காது. தொழில் அமைந்த பிறகு ஆகும் செலவுதான் செலவு.

இரண்டாம் படி: எவ்வளவு மிஞ்சும் என்று முதலிலேயே போட்டுப் பாருங்கள்

அதே பம்புசெட் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். ஊட்டியை விட்டுவிடலாம். நுழைவுக் கட்டணம் 5,000, அதற்கு ஜிஎஸ்டி 900. ரயிலில் ஸ்லீப்பரில் போய்வர 800. இரண்டு இரவு அறை 4,000, ஜிஎஸ்டி 200. சாப்பாடும் ஆட்டோவும் 1,500. ஆக மொத்தம் 12,400 ரூபாய். விலைகள் உதாரணத்துக்கு வைத்தவை, உங்கள் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி 1,100 ரூபாயை இன்புட்டாக எடுத்துவிட்டால், அதாவது தன் விற்பனைக்குக் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டால், செலவில் நிற்பது 11,300. இன்புட் எடுத்த தொகையை மறுபடி செலவிலும் போடக்கூடாது. 2025-26 நிதியாண்டு விகிதப்படி, புது முறையில் அவருடைய வருமானம் 15 லட்சம் என்றால் மேல்தட்டு வரி 15 சதவீதம், செஸ் சேர்த்து 15.6. வரியில் மிஞ்சுவது 1,763 ரூபாய். இன்புட்டையும் சேர்த்தால் 2,863. மீதி 9,537 ரூபாய் அவர் கைக்காசு.

கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் வரி 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. அப்போது வரியில் 3,526 மிஞ்சும். வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால்? தள்ளுபடியில் வரியே பூஜ்யமாகிவிடுகிறது. பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? இன்புட் 1,100 மட்டும்தான் லாபம்.

இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுண்டிவிடும். “செலவுல போட்டா பணம் திரும்பி வந்துரும்னு சொன்னாங்களே” என்பார்கள். அப்படி யாருக்கும் வராது. ஆகவே இந்த 9,537 ரூபாய்க்கு வியாபாரத்தில் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளும் கடையைத் திறந்து வைத்திருங்கள்.

மூன்றாம் படி: கிளம்பும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

நான் கெஞ்சிக் கேட்டும் யாரும் செய்யாத படி இது. கடையின் லெட்டர்பேடில், தேதி போட்டு, எந்தக் கருத்தரங்கு, எந்த ஊர், யார் நடத்துகிறார்கள், நான் ஏன் போகிறேன், யாரைப் பார்க்கப் போகிறேன், எவ்வளவு செலவாகும் என்று பத்து வரி. கம்பெனி என்றால் இயக்குநர் கூட்டத் தீர்மானம், கூட்டாண்மை என்றால் இன்னொரு கூட்டாளியின் கையெழுத்து. அதோடு நிகழ்ச்சி நிரலையும் அழைப்பிதழையும் அச்செடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் அதிகாரி கேட்பது “போனீர்களா?” என்றல்ல, “தொழிலுக்கு இதில் என்ன வேலை?” என்றுதான். அன்றைக்கு யோசித்துச் சொல்லும் பதிலுக்கும் போகும் முன்னே எழுதிவைத்த தாளுக்கும் எடை வேறு. தவிர, எழுத உட்காரும்போதே சிலருக்கு “ஏன் போகிறேன்” என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். அப்படி நின்றால் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள், பத்தாயிரம் மிச்சம்.

நான்காம் படி: பதிவு, டிக்கெட், அறை

பணம் கட்டும் படிவத்தில் கடையின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் போடுங்கள். இதை நானே ஒருமுறை கோட்டைவிட்டேன். சென்னையில் ஒரு வரிக் கருத்தரங்குக்கு என் சொந்தப் பெயரில் அவசரமாகப் பதிவு செய்துவிட்டு, பிறகு பில்லை மாற்றித் தரச்சொல்லி நடத்தியவர்களுக்கு நான்கு முறை எழுதினேன். ஐந்தாவது முறை எழுத வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்கு இன்புட் போயிற்று. விற்றவர்கள் பதிவுசெய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் உங்கள் எண்ணுக்கு நேராக அந்த பில் வந்தால்தான் இன்புட் எடுக்கமுடியும், கையில் தாள் இருந்தால் மட்டும் போதாது.

ரயிலில் ஏசி வகுப்புக்கும் முதல் வகுப்புக்கும்தான் ஜிஎஸ்டி உண்டு, ஸ்லீப்பருக்குக் கிடையாது. ஏசியில் போனால் முன்பதிவின்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

நெல்லைக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. நமக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். பல தொழில்களுக்கு அங்கேயும் கொச்சியிலும் நல்ல கருத்தரங்குகள் நடக்கின்றன. ஆனால் கேரளாவில் அறை எடுத்தால் ஓட்டல்காரர் போடுவது மத்திய ஜிஎஸ்டியும் கேரள மாநில ஜிஎஸ்டியும். தங்கும் அறைக்கு ஓட்டல் இருக்கும் இடம்தான் வரிக்கணக்கில் இடம். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு வைத்திருக்கும் நீங்கள் அதை இன்புட்டாக எடுக்கமுடியாது. நுழைவுக் கட்டண பில்லிலும் கேரள வரி போட்டிருந்தால் இதே நிலைதான், ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போடும் ஜிஎஸ்டி) என்றிருந்தால் எடுக்கலாம். கோவை, மதுரை, சென்னை என்றால் இந்தச் சிக்கல் கிடையாது. இதற்காகத் திருவனந்தபுரத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. எடுக்கமுடியாத ஜிஎஸ்டி வருமான வரிக்கணக்கில் செலவாக நிற்கும், அது போதும்.

சாப்பாட்டு பில்லில் வரும் ஜிஎஸ்டிக்கு எந்த ஊரானாலும் இன்புட் கிடையாது, சட்டமே தடுத்திருக்கிறது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு எதற்குமே கிடையாது. கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர் ஒருவர் உணவுக் கண்காட்சியில் ஸ்டால் போட்டுவிட்டு, வாடகைக்கு 18 சதவீதம் கட்டியிருக்கிறேனே, எடுத்துக் கொடுங்கள் என்றார். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. வரியில்லாத சரக்கை மட்டும் விற்கிறவருக்கு இன்புட்டும் இல்லை. வரி இல்லாதது வரம் என்று நினைத்திருந்தவருக்கு அன்றுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது.

ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் கணக்கில் நிற்காது. அறை வாடகை, ஸ்டால் வாடகை எல்லாம் கடையின் வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐயிலோ போகட்டும். மனைவியின் போனில் கட்டிவிட்டு வரவேண்டாம்.

ஐந்தாம் படி: அங்கே போய் என்ன செய்வது

வரியில் மிஞ்சியது இரண்டாயிரம், மூவாயிரம். உண்மையான வரும்படி இந்தப் படியில்தான் இருக்கிறது, நம் ஆட்கள் தவறவிடுவதும் இங்கேதான்.

நெல்லைக்காரர்கள் பத்துப் பேர் ஒரு கருத்தரங்குக்குப் போனால் பத்துப் பேரும் ஒரே வரிசையில் உட்காருவோம். மத்தியானம் ஒன்றாகவே சாப்பிடுவோம், சாயந்திரம் ஒன்றாகவே கடைத்தெருவுக்குப் போவோம். தினமும் வண்ணார்பேட்டையில் பார்க்கிற முகத்தைப் பார்க்கக் கோவை வரை எதற்கு? முதல் தேநீர் இடைவேளையிலேயே பிரிந்துவிடுங்கள். இரவு ரயிலில் சேர்ந்து வந்தால் போதும்.

மேடைப் பேச்சில் பாதியைப் பிறகு படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் நம் ஊர்க் கடைக்காரர் பலருக்கும் சரக்கு மதுரை விநியோகஸ்தர் வழியாகத்தான் வருகிறது, தயாரிப்பாளரை நேரில் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் அமைகிறது. கடன் நாள் எத்தனை, உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும், பழுதான மோட்டாரை யார் எடுத்துப் போவார்கள் என்ற மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். விலையை முதல் பேச்சிலேயே எடுக்காதீர்கள். அப்புறம், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அதே தொழில் செய்கிறவரைத் தேடுங்கள். விருதுநகர்க்காரரும் தேனிக்காரரும் உங்களுக்குப் போட்டியில்லை, அதனால் எந்தக் கம்பெனி சொன்ன சொல் தவறியது என்பதை ஒளிக்காமல் சொல்வார்கள். உள்ளூர்க்காரர் சொல்லமாட்டார்.

விசிட்டிங் கார்டை வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் என்ன பேசினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஊருக்கு வந்து பார்த்தால் நாற்பது கார்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சட்டம், வரி பற்றிய கூட்டங்களின் லாபம் வேறு மாதிரி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு புது விதி வந்தது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும். கெடு தாண்டி, ஆண்டுக் கடைசியில் பாக்கி நின்றால் அந்தக் கொள்முதல் அந்த வருடச் செலவில் வராது. கொடுக்கும் வருடத்தில்தான் வரும். அந்த மார்ச் மாதத்துக்கு முன் ஏதாவது ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டவர் பாக்கியைத் தீர்த்துவிட்டார். கேட்காதவருக்கு வராத லாபத்துக்கு வரி வந்தது.

ஆடிட்டர்களுக்குத் தொடர்கல்வி மணி நேரமும் டாக்டர்களுக்கு மருத்துவக் கவுன்சில் புள்ளியும் சேரவேண்டும் என்பதால் அவர்கள் போய்த்தான் ஆகவேண்டும். ஆடிட்டர் சங்கத்துக்குத் திருநெல்வேலியிலேயே கிளை இருக்கிறது. உள்ளூர்க் கூட்டத்தில் கிடைப்பதற்காகச் சென்னைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஸ்டால் போடுகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உதயம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்கள் கண்காட்சியில் பங்கேற்க மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் கொள்முதல், சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டத்தில் உதவி உண்டு. போய்வந்த பிறகு கேட்டுப் பயனில்லை, முன்பே விண்ணப்பிக்கவேண்டும். அப்படி வரும் பணத்தைச் செலவில் கழித்துக் காட்டவேண்டும்.

ஆறாம் படி: குடும்பத்தைப் பிரித்து எழுதுவது

குடும்பத்தோடு போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கணக்கில்தான் சேரக்கூடாது. கோவைக்குப் போய்வந்த உங்கள் டிக்கெட், கருத்தரங்கு நடந்த நாட்களின் அறை, உங்கள் சாப்பாடு, இவை தொழில் செலவு. வீட்டம்மா, பிள்ளைகளின் டிக்கெட், ஊட்டிக்குப் பிடித்த வண்டி, அதிகப்படியாகத் தங்கிய இரவுகள், எல்லாம் உங்கள் சொந்தக் கணக்கில் பற்று. படகுச் சீட்டைத் தொழில் செலவில் நுழைக்கப் பார்த்தால் படகோடு போகாது, அதைப் பார்த்த அதிகாரி மற்ற பில்களையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார். பம்புசெட் அண்ணாச்சியிடம் இதைத்தான் சொன்னேன். “அப்ப வர்க்கியும் கிடையாதா?” என்றார். கிடையாது.

கருத்தரங்கில் தள்ளுபடியில் வாங்கிய லேப்டாப்போ, டெமோ இயந்திரமோ இருந்தால் அது சொத்து. தேய்மானமாக வருடா வருடம் கழியும்.

ஏழாம் படி: கம்பெனி கூட்டிப் போனால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிமெண்ட், பெயின்ட், உரம், பூச்சிமருந்து, மின்சாதனம் விற்கும் கடைக்காரர்கள் பலருக்கு வருடத்துக்கு ஒரு டீலர் மீட் உண்டு. ஓசிப் பயணம்தானே, இதில் என்ன வரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

2022 ஜூலை 1 முதல் 194ஆர் என்று ஒரு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. தொழில் தொடர்பில் ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சலுகை கொடுத்தால், கொடுக்கும் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வாங்கியவர் பெயரில் முன்கூட்டியே வரி, கட்டவேண்டும். அந்தச் சலுகையின் மதிப்பு வாங்கியவருடைய வருமானம்.

புதுச் சரக்கு அறிமுகம், விற்பனைப் பயிற்சி, ஆர்டர் எடுப்பது, டீலர் கணக்கைச் சரிபார்ப்பது போன்ற காரியத்துக்காக நடக்கும் கூட்டம் இதில் வராது என்று நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் இலக்கை எட்டிய டீலர்களுக்கு மட்டும் பரிசாகக் கூட்டிப்போனால் அது சலுகை. கூட்டத்துக்கு நடுவே உல்லாசப் பயணம் வைத்தால் அந்தப் பகுதி சலுகை. குடும்பத்தாருக்கான செலவும் சலுகை. கூட்டத்துக்கு முந்தின ஒரு நாளும் அடுத்த ஒரு நாளும் போக அதிகமாகத் தங்கினால் அதுவும் சலுகைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு உரக்கடைக்காரர் இலக்கை முடித்து தாய்லாந்து போய்வந்தார். போட்டோவெல்லாம் காட்டினார். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஒரு லட்சத்துக்கு மேல் சலுகை, பத்தாயிரத்துச் சொச்சம் டிடிஎஸ். அவர் 30 சதவீத வரியில் இருப்பவர். மீதி இருபதாயிரத்தைக் கையிலிருந்து கட்டவேண்டியதாயிற்று. “நான் பீச்ல ஒரு நாள்தான இருந்தேன்” என்றார் பாவம். ஆகவே அழைப்பு வந்தவுடனே கம்பெனி ஆளிடம் கேளுங்கள்: இது கூட்டமா, பரிசா? 194ஆர் போடுவீர்களா? எவ்வளவு மதிப்புக்கு? வாட்ஸ்அப்பிலாவது பதிலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்களுக்கு இது இன்னும் இறுக்கம். மருந்துக் கம்பெனி டாக்டருக்குக் கொடுக்கும் இலவசங்களைத் தொழில் செலவாகக் கழிக்கமுடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்பெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2024-இல் வந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள், பேச்சாளராக இருந்தாலொழிய, டாக்டருக்குக் கருத்தரங்குப் பயணச் செலவைக் கம்பெனி தரக்கூடாது என்கின்றன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் கிளினிக் வைத்திருப்பவர் சொந்தக் காசில் போய், கணக்குப் புத்தகம் எழுதி, செலவில் காட்டுவதே நிம்மதி.

எட்டாம் படி: திரும்பி வந்த வாரம்

ஒரு வாரத்துக்குள் முடிக்காவிட்டால் இது முடியாது. ஒரு கோப்பு. முன்னே எழுதிய பக்கம், பதிவு ரசீது, பங்கேற்புச் சான்றிதழ் அல்லது கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை, டிக்கெட், அறை பில், யாரைப் பார்த்தீர்கள் என்ற அரைப் பக்கம். ஆட்டோ, காபி போன்ற பில் வராத செலவுக்கு நாள்வாரியாக எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர், நியாயமான தொகைக்கு. அதன்பின் கார்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். அதிலிருந்து ஆர்டர் வந்தால் அந்த பில்லின் நகலும் இதே கோப்பில் சேரட்டும். செலவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எத்தனை வருடம் வைத்திருப்பது? ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வருமான வரிக்கும் சேர்த்து எட்டு வருடம் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. ஆனால் லாட்ஜிலும் ஓட்டலிலும் தருவது பெரும்பாலும் தெர்மல் தாள். நம் ஊர் வெயிலில், தகர பீரோவுக்குள், அது ஒரு கோடை தாங்காது. அடுத்த சித்திரையில் எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.